ஃபெர்மினும் முன்னோடிக் குதிரையும்

ஃபெர்மின் உரியார்டேவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவன் வாயே திறக்கமாட்டான். இரண்டு, அவன் வளர்த்த குதிரை அவனை விட்டுவிட்டுக் காட்டுக்குதிரைகளோடு ஓடிப்போய்விட்டது. முதலாவது சுத்தப் பொய். என் லாரியில் ஏறி உட்கார்ந்தால் எங்கள் ஊர் ஹார்லன் வெல்ஸிலிருந்து மலையடிவாரம் வரை மனுஷன் நிறுத்தாமல் பேசுவான். இரண்டாவது உண்மைதான். ஆனால் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் வெர்னா. தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். காட்டுக்குதிரை பிடிக்கிறவர்கள் இந்த நெவாடா மாநிலத்தில் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போனாலும் என் லாரியும் கூடவே போகும். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பது, பிடித்த குதிரைகளுக்குத் தொட்டி நிரப்புவது, வேலையாட்கள் சண்டை போட்டால் அதட்டுவது எல்லாம் என் பாடு. என் வீட்டுக்காரர் போனதும் லாரியை விற்றுவிடச் சொல்லி ஆளாளுக்கு வந்து புத்தி சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் அதைச் சல்லிசாக வாங்கிக்கொள்ளப் பார்த்தவர்கள். நானே ஏறி உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்துவிட்டேன்.

ஃபெர்மின் குள்ளம். கால் இரண்டும் வளைந்திருக்கும். அவனுடைய அப்பா கடல் கடந்து, ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் மலையிலிருந்து செம்மறி மேய்க்க வந்தவர். பிறகு செம்மறி போயிற்று, அப்பாவும் போனார். மகன் மட்டும் ஊர்க்கோடியில், தார் ரோடு முடிகிற இடத்தில், ஒரு தகர வீட்டோடும் ஒரு குதிரைப் பட்டியோடும் தங்கிவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரும் என்னைக் கேக்கலையே" என்றான்.

நானும் அப்போது கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு லாரியை ஓட்டினேன்.

அவனுடைய வேலை ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஒரு நிமிஷம் தப்பினால் அத்தனை பேரின் ஒரு நாள் உழைப்பும் வீண். சணல் துணியை இரண்டு பக்கமும் வேலி போலக் கட்டி, வாய் அகலமாகவும் போகப் போகக் குறுகலாகவும் ஒரு வழி செய்வோம். அதன் கோடியில் இரும்புப் பட்டி. ஹெலிகாப்டர் மலையிலிருந்து காட்டுக்குதிரைகளை ஓட்டிக்கொண்டு வரும். வாய்ப்பக்கம் வந்ததும் அவை துணியைப் பார்த்து மிரண்டு நிற்கும். அங்கே ஒரு புதருக்குப் பின்னால் ஃபெர்மின் தன் குதிரையைக் கயிற்றில் பிடித்தபடி குந்தியிருப்பான். சரியான நேரத்தில் கயிற்றை அவிழ்ப்பான். அவன் குதிரை நேரே பட்டிக்குள் ஓடும், ஏனென்றால் பட்டியின் கடைசி மூலையில் ஓட்ஸ் போட்ட வாளி தொங்கும். வழி தெரிந்த ஒரு குதிரை முன்னால் போகிறதே என்று நம்பி மற்றவையும் பின்னால் ஓடும். பிறகு கதவு சாத்திக்கொள்ளும்.

அந்த முன்னோடிக் குதிரைதான் பட்டன். செம்பழுப்பு நிறம், காயடித்தவன், நெற்றியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. வாளியைக் குலுக்குகிற சத்தம் காதில் விழுந்தால் போதும், எமனே குறுக்கே நின்றாலும் தள்ளிவிட்டு வருவான். குதிரை பிடிப்பதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் எதிர்த்துக் கோஷம் போட வருகிறவர்களும் அவனை யூதாஸ் என்பார்கள். ஃபெர்மினுக்கு அந்தப் பெயர் ஆகாது.

"யூதாஸ் காசுக்குச் செஞ்சான். இவனுக்குக் காசு தெரியுமா, காட்டிக்கொடுக்கறதுன்னா என்னன்னு தெரியுமா? அங்க ஓட்ஸ் இருக்கு, ஓடறான். அவ்வளவுதான்" என்பான்.

பிடிக்காமல் விட்டால்தான் என்ன என்று பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. விடலாம். சீடார் மலை என்று நாங்கள் சொல்கிற அந்த மலையின் அடிவாரத்தில் நானூறு குதிரைக்குத்தான் புல் இருக்கிறது என்றால் அங்கே அதைப்போல் நாலு மடங்கு நிற்கும். மாட்டுக்காரர்கள் குதிரையைக் குறை சொல்வார்கள். குதிரைப் பிரியர்கள் மாட்டைக் குறை சொல்வார்கள். புல் யாரிடமும் கேட்டுக்கொண்டு தீர்ந்துபோவதில்லை. மழை பொய்த்த ஒரு கோடையில் ஊற்றுகள் எல்லாம் சேறாகிவிட்டன. நான் நாள் முழுக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொட்டியும் போதவில்லை. விலா எலும்பு தெரிய நின்ற குதிரைகள், அந்தச் சேற்றில் புதைந்த குட்டி ஒன்று. ஃபெர்மின் இடுப்பளவு சேற்றில் இறங்கி அதைத் தூக்கி வந்தான். அவன் மடியிலேயே அது செத்துப்போயிற்று. அதன் முகத்துச் சேற்றைத் தன் சட்டையால் துடைத்தான்.

"பிடிச்சுத்தான் ஆகணும் வெர்னா. இப்படி விட்டுவச்சோம்னா அதுதான் பாவம்" என்றான்.

அதைச் சொன்னவனுக்குத்தான் அடுத்த மாதமே அது நடந்தது.

செப்டம்பரில் அதே மலையடிவாரத்தில் குதிரை பிடித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் காற்று திடீரென்று திசை மாறிச் சணல் துணியை ஒரு பக்கம் கிழித்துக்கொண்டு போயிற்று. ஹெலிகாப்டர் ஒரு கூட்டத்தை வாய்வரை கொண்டுவந்துவிட்டது. ஃபெர்மின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். பட்டனும் ஓடினான். ஆனால் கூட்டத்தின் தலைவனான கிழட்டுப் பொலிகுதிரை கிழிசலைக் கண்டுகொண்டது. ஒரே திரும்பாகத் திரும்பி அந்த ஓட்டை வழியாகப் பாய, கூட்டம் முழுவதும் பின்னால் பாய்ந்தது. பட்டன் நடுவில் மாட்டிக்கொண்டு அவர்களோடு போனான். மேட்டில் ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான் என்று ஃபெர்மின் சொல்வான். அந்தப் புழுதியில் குதிரையே தெரியவில்லை, திரும்பிப் பார்த்தது எங்கே தெரியும்! ஆனால் நான் மறுத்துப் பேசியதில்லை.

குதிரை பிடிக்கும் ஒப்பந்தக்காரன் ராய்ஸ். அவன் மோசமானவன் இல்லை, வாய்தான் நீளம்.

"என்ன பெரிசு, உன் புள்ள ஓடிப்போயிட்டான் போலிருக்கே? ஹெலிகாப்டரை அனுப்பட்டுமா? தனியா ஓட்டிட்டு வந்துடுவோம்."

"வேணாம்" என்றான் ஃபெர்மின். "திருடனைத் தொரத்தற மாதிரி என் குதிரையைத் தொரத்தவேணாம். பொழுது சாயறதுக்குள்ள அவனே வந்துடுவான். ஓட்ஸ் இல்லாம அவனுக்கு இருப்புக்கொள்ளாது."

பொழுது சாய்ந்தது. பட்டன் வரவில்லை. ராய்ஸின் ஆட்கள் சணல் துணியைச் சுருட்டி, இரும்புப் பட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனார்கள். பட்டன் அதற்குள்ளும் வரவில்லை.

அதற்கப்புறம் நான்கு வருஷம்.

ஒவ்வொரு ஞாயிறும் ஃபெர்மின் வாளியும் கையுமாக என் வீட்டு வாசலில் நிற்பான். அவனுடைய பழைய வண்டி அந்தக் கல்ரோட்டில் ஏறாது என்று சொல்வான். ஏறும். நானும் ஏறாது என்றே வைத்துக்கொண்டேன். இரும்புச் சட்டியில் சுட்ட ரொட்டியும் பீன்ஸ் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும் கொண்டுவருவான். நான் ஃப்ளாஸ்கில் காபி. மலையடிவாரத்தில் லாரியை நிறுத்திவிட்டு பைனாகுலரில் மாறி மாறித் தேடுவோம். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவோம். சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் செம்பழுப்பாக ஒன்று நின்றால் அதுதான் பட்டன். கிழட்டுப் பொலிகுதிரை, தனக்கு வயசாகிவிட்டதாலோ காயடித்த குதிரையால் என்ன ஆகிவிடப்போகிறது என்றோ, அவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

ஃபெர்மின் வாளியைக் குலுக்குவான். தூரத்தில் பட்டன் தலையைத் தூக்குவான். காது இரண்டும் முன்னால் வரும். ஏழெட்டு அடி எடுத்து வைப்பான். அந்த நேரம் பார்த்து அந்தச் சாம்பல்காரி ஒரு கனைப்புக் கனைப்பாள். அவன் நிற்பான். இங்கே பார்ப்பான், அங்கே பார்ப்பான். பிறகு திரும்பிப் போய்விடுவான்.

"மருமக கூப்பிட்டுட்டா, மாமனார் என்ன பண்ண முடியும்?" என்று நான் சீண்டுவேன்.

"மருமகளாவது மண்ணாங்கட்டியாவது. மயக்கி வச்சிருக்கா."

"ஓட்ஸைக் காட்டி நீ மயக்கினே. அவ என்னத்தைக் காட்டினாளோ!"

"சிரி, சிரி. இன்னிக்கு எட்டு அடி வச்சான், கவனிச்சியா? போன வாரம் அஞ்சுதான்."

வாடா, வாடா என்று அவன் கூப்பிடுகிற குரலை அந்த மலை எத்தனை ஞாயிறு கேட்டிருக்கும்! ராய்ஸ் அவனுக்கு வேறொரு குதிரையைக் கொடுத்திருந்தான். வெளிர் மஞ்சள் நிறம், பெரிய கண், மூளை கிடையாது. வேலைக்கு அதைக் கூட்டிப்போவான், வேலை முடிந்ததும் ராய்ஸிடமே விட்டுவிட்டு வருவான். தன் பட்டியில் அதைக் கட்டமாட்டான். குளிர்காலத்தில் ஒருநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். குதிரையே இல்லாத பட்டியில் தண்ணீர்த் தொட்டியின் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?" என்றேன்.

"வந்தா தாகமா இருக்கும்ல" என்றான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் நான் வாரம் முழுவதும் ஓடினேன். பட்டன் வராமலே இருக்கட்டும் என்றுகூடச் சில வாரம் தோன்றியதுண்டு. வந்துவிட்டால் இந்த மனுஷனுக்கு என் லாரியில் என்ன வேலை? அவன் வாளியைக் குலுக்கிக் குதிரையைப் பார்ப்பான். நான் ஃப்ளாஸ்க் மூடியில் காபியை ஊற்றிக்கொண்டு அவனைப் பார்ப்பேன்.

நாலாவது வருஷம், வசந்தத்தில், ஊற்றுப் பக்கம் அவர்களைக் கண்டோம். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. சாம்பல்காரி குட்டி போட்டிருந்தாள். பொலிகுதிரையின் குட்டிதான். அது தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து கத்தி போலக் காற்று. காற்று வரும் பக்கமாகப் பட்டன் குறுக்கே நின்று குட்டியை மறைத்துக்கொண்டிருந்தான். சாம்பல்காரி அவன் பிடரியைப் பல்லால் சொறிந்துகொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடியிருந்தான்.

ஃபெர்மின் வாளியை எடுத்தான். குலுக்கப்போகிறான் என்று நினைத்தேன். மெதுவாகத் தரையில் வைத்துவிட்டான்.

"என்னாச்சு? குலுக்கு. இப்ப குலுக்கினா வந்தாலும் வந்துடுவான்."

"அதான் குலுக்கல" என்றான்.

திரும்பி வரும்போது வாளியை மடியில் வைத்திருந்தான். ஊர் எல்லை வந்ததும், "அவன் அங்கயே இருக்கட்டும் வெர்னா" என்றான். அடுத்த ஞாயிறும் வந்தான், வாளி இல்லாமல். சும்மா பார்த்துவிட்டு வந்தோம். குழம்பு மட்டும் வழக்கம்போல இருந்தது.

அந்தக் கோடையும் மழை இல்லை. ஊற்றுகள் மறுபடி சேறாயின. சீடார் மலையடிவாரத்தில் மறுபடி குதிரை பிடிக்க அரசாங்கத்தின் நில ஆபீஸ் உத்தரவு போட்டது. போட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் குதிரைகளுக்குத் தண்ணீர் சுமந்தவள் நான்.

ஃபெர்மின் ராய்ஸிடம் போய் நின்றான். யாரிடமும் எதுவும் கேட்காதவன்.

"அந்தச் சாம்பல் கூட்டத்தை மட்டும் விட்டுடச் சொல்லு ராய்ஸ். மொத்தமே ஆறு குதிரை."

"மேலேருந்து பாக்கறப்ப எல்லாக் குதிரையும் வெறும் முதுகுதான், பெரிசு. சாம்பல் முதுகு எத்தனை இருக்கு தெரியுமா? பைலட் ஒவ்வொண்ணா இறங்கிப் பேர் கேக்க முடியுமா?" என்றான் ராய்ஸ். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "உன் குதிரைக்கு உன் சூட்டுக்குறி இருக்கு. வந்தா உனக்குத்தான். இதுக்குத்தானே இத்தனை வருஷம் தவம் கிடந்தே? சந்தோஷப்படுய்யா!"

அன்று லாரியில் வரும்போது ஃபெர்மின் தன் யோசனையைச் சொன்னான்.

"நான் வேலைக்கு வராம இருந்தா வேற எவனாவது வந்து கயிறை அவிழ்ப்பான். அதனால நானே போறேன். அந்தக் கூட்டம் வந்துச்சுன்னா மஞ்சக்குதிரையை நான் விடமாட்டேன். முன்னால போக ஒண்ணு இல்லேன்னா வாசல்ல மிரளும். கூட்டத்துக் கிழவனுக்குத்தான் தெரியுமே, ஓடைப்பக்கம் திருப்பிட்டுப் போயிடுவான்."

"ராய்ஸ் உன்னைச் சும்மா விடுவானா?"

"கயிறு சிக்கிக்கிச்சும்பேன். இத்தனை வருஷத்துல ஒருதடவை சிக்கக்கூடாதா?"

அதே மேடு, அதே ஓடைக்கரை. போன தடவை கட்டிய அதே இடத்தில்தான் இந்தத் தடவையும் பட்டியைக் கட்டினார்கள். நான் லாரியை மேட்டின் பின்னால் நிறுத்திவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தேன். கீழே புதர் மறைவில் ஃபெர்மின் தொப்பி தெரிந்தது. காலையிலிருந்து மூன்று நான்கு கூட்டம் வந்தது. மஞ்சள் குதிரை ஓடியது, மற்றவை பின்னால் ஓடின, கதவு சாத்தியது. எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வெயில் ஏறியபின் ஹெலிகாப்டர் மறுபடி மலைக்குப் பின்னாலிருந்து வந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்னக் கூட்டம். முதலில் பொலிகுதிரை நொண்டிக்கொண்டு. அப்புறம் சாம்பல். அவள் ஓரமாகக் குட்டி. குட்டிக்கு மறுபக்கம் செம்பழுப்பு.

ஃபெர்மினைப் பார்த்தேன். அவன் மஞ்சள் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அது கனைத்துவிடாமல் அதன் மூக்கைத் தொப்பியால் மூடிக்கொண்டிருந்தான்.

கூட்டம் வாய்க்கு வந்தது. துணியைப் பார்த்தது. நின்றது. ராய்ஸ் எங்கிருந்தோ, "விடு! விடு பெரிசு!" என்று கத்தினான். ஃபெர்மின் விடவில்லை. பொலிகுதிரை மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்தது. ஓடைப்பக்கம் திரும்பியது. சாம்பல்காரியும் திரும்பினாள். குட்டியும் திரும்பியது. இன்னும் ஒரு மூச்சு விடும் நேரம், போயிருப்பார்கள்.

பட்டன் திரும்பவில்லை. அவன் அந்தத் துணி வழியையே பார்த்துக்கொண்டு நின்றான். காது இரண்டும் முன்னால் வந்தன. அந்தக் காதை எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிறு பைனாகுலரில் பார்த்த காது!

பிறகு ஓடினான். யாரும் அவிழ்த்துவிடாமல், யாரும் வாளியைக் குலுக்காமல், தானாகவே, நேராக, கோடியில் இருக்கும் பட்டிக்குள் ஓடினான். சாம்பல்காரி கனைத்தாள். இந்தத் தடவை அவன் நிற்கவில்லை. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அவன் பின்னாலேயே ஓடினாள். அவள் பின்னால் குட்டி. அவர்கள் போனதும் கிழவனும் மற்றவையும். கதவு சாத்திக்கொண்டது.

ராய்ஸ் சிரித்துக்கொண்டே வந்தான். "பெரிசு, நீ கோட்டை விட்டாலும் உன் குதிரை விடலை பாரு! அவனுக்குத்தான் சம்பளம் கொடுக்கணும்!"

பட்டித் தொட்டியை நிரப்ப நான் லாரியைக் கீழே இறக்கியிருந்தேன், என் கையில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அவன் மூஞ்சியில் திருப்பிவிட்டேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்படவில்லை.

உள்ளே மற்றவை இரும்புக் கம்பிகளில் மோதிக்கொண்டிருந்தன. பட்டன் கடைசி மூலையில் நின்றான். அங்கே மஞ்சள் குதிரைக்காகத் தொங்கவிட்டிருந்த வாளியில் தலையை விட்டு ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தான். சாம்பல்காரி நடுங்கியபடி அவனை ஒட்டி நின்றாள். அவனுக்கு என்ன பயம், இது அவனுக்குத் தெரிந்த இடம்தானே! ஃபெர்மின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பட்டன் தலையைத் தூக்கி, வாயெல்லாம் ஓட்ஸோடு வந்து அவன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தான்.

நான்கு வருஷமாக வாடா, வாடா என்று கூப்பிட்ட மனுஷன், அவன் நெற்றிப் புள்ளியில் கையை வைத்துக்கொண்டு, "ஏண்டா வந்தே?" என்று கேட்டான். "ஏண்டா வந்தே?"

சூட்டுக்குறியைப் பார்த்து பட்டனைத் தனியே பிரித்து ஃபெர்மினிடம் கொடுத்தார்கள். மற்றவற்றை அன்றே லாரியில் ஏற்றினார்கள். லாரி மேடு ஏறி மறையும்வரை சாம்பல்காரி கனைப்பது கேட்டது. பட்டன் கயிற்றை இழுத்து இழுத்து ஃபெர்மின் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. அந்தச் சாம்பல்காரியைத் தனக்கே கொடுத்துவிடும்படி அவன் நில ஆபீஸ் பெண்ணிடம் கேட்டான். சின்னப் பெண், பொறுமையாகத்தான் பதில் சொன்னாள்.

"இங்கேருந்து யாருக்கும் கொடுக்க முடியாதுங்க. எங்க கொட்டிலுக்குப் போய் ஊசி போட்டு, வயசு பாத்துப் பிரிப்பாங்க. அப்புறம் வளர்க்க ஆசைப்படறவங்களுக்குக் கொடுப்பாங்க. அப்ப வந்து கேளுங்க, கண்டிப்பா கிடைக்கும்."

கொடுக்கிற நாள் வந்ததும் அவனும் நானும் கொட்டிலுக்குப் போனோம். சாம்பல் நிறக் குதிரைகள் எத்தனையோ நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தான். அவள் இல்லை. வயதான பெண்குதிரைகளை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று முன்னதாகவே கிழக்கே புல்வெளிக்கு அனுப்பிவிட்டார்களாம். குட்டியை யாரோ ஒரு குடும்பம் கூட்டிப்போயிருந்தது.

"அங்க புல்லு முழங்கால் உயரம் இருக்கும்" என்றார் கொட்டிலைப் பார்த்துக்கொள்கிறவர். "சாகற வரைக்கும் அதுங்களுக்கு ஒரு குறையும் இருக்காது."

"நல்ல புல்லா?" என்றான் ஃபெர்மின்.

"நல்ல புல்லு."

"தண்ணி?"

"ஓடை ஓடுது."

ஃபெர்மின் தலையை ஆட்டினான். அவளை ஏற்றிவரக் கொண்டுபோன டிரெய்லரை அப்படியே இழுத்துக்கொண்டு திரும்பி வந்தோம். அது காலியாக இருந்ததால் ஒவ்வொரு பள்ளத்திலும் தடதடவென்று சத்தம் போட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் பட்டன் தன் பட்டியின் கிழக்கு மூலையில் நின்றான். அந்தப் பக்கம்தான் சாம்பல்காரியை ஏற்றிய லாரி போன ரோடு. தொட்டியில் பனிக்கட்டி உடைத்து வைத்த தண்ணீரைக் குடித்தான், ஓட்ஸைத் தின்றான், ஆனால் பாதியில் தலையைத் தூக்கிக் காதை முன்னால் வைத்துக்கொண்டு நின்றுவிடுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்மின் என் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாக நான் அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாற்காலியைப் போட்டு வேலியோரம் உட்கார்ந்திருப்போம். நான் நினைத்துப் பயந்தபடி அவன் என்னை மறந்துவிடவில்லை. அதைப் பெரிசாகக் கொண்டாடத்தான் மனசில்லை.

"என்கிட்ட இருக்கான்" என்றான் ஒருநாள். "தொட்டுப் பாக்கறேன், மூச்சு சூடா இருக்கு. ஆனா நாலு வருஷம் நான் எப்படி நின்னேனோ அப்படியே நிக்கறான் வெர்னா. பாத்துட்டு இருக்க முடியல."

பனி உருகியதும் அவன் பட்டிக் கதவைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் ஒரு கல்லை முட்டுக்கொடுத்தான். சொந்தக் குதிரையை அரசு நிலத்தில் அவிழ்த்துவிடக்கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அவனுக்கும் தெரியும். முதல் சில நாள் பட்டன் அந்தத் திறந்த கதவைப் பார்க்கக்கூட இல்லை. பிறகு ஒருநாள் காலையில் ஃபெர்மின் போன் செய்தான்.

"போயிட்டான்."

அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. லாரியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாசலில் நின்றான், கையில் வாளி. "எதுக்கு இது?" என்றேன். அப்போதுதான் கையைப் பார்த்தான். "பழக்கம்" என்றான்.

"மலைக்குத்தான் போயிருப்பான். வேற கூட்டம் ஏதாவது மிச்சம் இருக்கும். சேத்துக்குவாங்க. தூரமா நின்னு ஒருதடவை பாத்துட்டு வந்துடலாம், போதும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். ஊற்றுப் பக்கம் போனோம். கூட்டம் ஒன்று நின்றது, அதில் அவன் இல்லை. மலைச்சரிவில் தேடினோம். அங்கேயும் இல்லை. திரும்பும்போது ஓடைக்கரை மேட்டில் லாரியை ஏற்றினேன்.

கீழே, போன வருஷம் பட்டி கட்டியிருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. கம்பியும் இல்லை, துணியும் இல்லை, குழி தோண்டிய தடம்தான். அதன் கடைசி மூலையில், வாளி தொங்கிய இடத்தில், பட்டன் நின்றுகொண்டிருந்தான். முகத்தை மலைப்பக்கம், அந்தத் துணி வழியின் வாய் இருந்த பக்கம் திருப்பியிருந்தான். காது இரண்டும் முன்னால்.

நான் பிரேக்கை மிதித்தேன். ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"முன்னால வந்து நின்னுட்டா அவங்க பின்னாலயே வந்துடுவாங்கன்னு நிக்கறான்" என்றான் பிறகு. "நான்தானே சொல்லிக்கொடுத்தேன்."

இறங்கிப் போனான். பட்டன் ஓடவில்லை, கிட்டே வரவும் இல்லை. ஃபெர்மின் வாளியைக் குலுக்கவில்லை. இருந்த ஓட்ஸைத் தரையில் கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். பட்டன் ஓட்ஸைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நான் லாரியை அணைத்துவிட்டு இறங்கிப்போய் ஃபெர்மின் பக்கத்தில் நின்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வெயில் சாயும்வரை மூன்று பேரும் அந்த வாய்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.